குதிகாலில் நின்ற கோல்கீப்பர்

என் பழைய தொலைக்காட்சி நிலையத்துக்கு ஒரு பெட்டி வந்திருக்கிறது. நேரடி ஒளிபரப்பில் வர்ணனையாளர் பேசுவதை அது சில விநாடிகள் தன்னிடம் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகுதான் வெளியே விடுகிறதாம். வேண்டாத வார்த்தை வந்தால் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். அது யார் வீட்டுக்கும் போகாது. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் மா ஏயே இதைச் சொல்லத்தான் போன் செய்தாள்.

“ஊலே, இந்தப் பெட்டி இல்லாத காலத்திலே எப்படிச் சமாளிச்சீங்க?” ஊலே என்பது பர்மிய மொழியில் மாமா, சித்தப்பா எல்லாருக்கும் ஒரே அழைப்பு.

“குமிழ் மேலே கையை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தோம்.”

அவள் சிரித்தாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. என் உத்தியோகம் முழுவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். போனை வைத்தபின் அவளுக்கு முழுப் பதில் சொல்லவில்லையே என்று இருந்தது. நாட்குறிப்புகளை எடுத்துப் பார்த்து, ஞாபகம் பிசகிய இடங்களைச் சரி செய்துகொண்டு இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு யங்கோனில், மிங்கலா தாங்ஞுன்ட் வட்டாரத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்துத் தெருவில். வாப்பாவுக்குச் சில்லறைச் சாமான் கடை. கடையில் உட்காரச் சொன்னார். நான் ரேடியோ பழுது பார்க்கக் கற்றுக்கொண்டேன். எண்பத்தெட்டுக் கிளர்ச்சிக்கு அடுத்த வருஷம் நிலையத்தில் ஆள் எடுத்தபோது அந்தக் கைத்தொழிலைச் சொல்லிச் சேர்ந்தேன். முதல் சில வருஷங்கள் கம்பி சுருட்டினேன், கம்பி விரித்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பிறகு வெளிக்களத்து ஒலியைப் பார்த்துக்கொள்ளும் ஆளாக்கி, கால்பந்து மைதானத்துக்கு அனுப்பினார்கள்.

மைதானத்தின் மூடிய மேடைக்கு உச்சியில், தகரக் கூரைக்கு அடியில், வர்ணனை அறை. அறை என்று சொன்னாலும் முன்பக்கம் சுவர் கிடையாது, இடுப்புயரக் கைப்பிடி மட்டும்தான். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, நிலையத்தோடு பேச ஒரு டெலிபோன். மேசைமேல் என் ஒலிப்பலகை. அதில் எனக்கு முக்கியமானவை இரண்டு குமிழ்கள். வலது குமிழ் வர்ணனையாளரின் மைக். இடது குமிழ் கூட்டத்தின் மைக்; அதை ஒரு மூங்கிலில் கட்டிக் கைப்பிடிக்கு வெளியே, கீழே உட்கார்ந்திருக்கும் ஜனங்களின் தலைக்கு மேலே தொங்கவிட்டிருப்போம்.

வர்ணனையாளர் சொல்லக்கூடாததைச் சொன்னால் வலதை இறக்க வேண்டும். அதை மட்டும் இறக்கினால் வீடுகளில் தொலைக்காட்சி திடீரென்று ஊமையாகும். வாய் பொத்தப்பட்டது எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதனால் வலது கை இறக்கும்போதே இடது கை ஏற்ற வேண்டும். இரண்டும் ஒரே மூச்சில். பார்க்கிறவர்களுக்குக் கூட்டம் ஆர்ப்பரித்தது, அந்த இரைச்சலில் வர்ணனை அமிழ்ந்துவிட்டது என்று தோன்றும். இது கைக்குப் பழக எனக்கு ஒரு மழைக்காலம் ஆனது. பழகிய பிறகு வீட்டில் குழாயைத் திறக்கும்போதுகூட இடது கை தானாக எதையாவது தேடும்.

அந்த வலது மைக்குக்குச் சொந்தக்காரர்தான் மாணிக்கண்ணன்.

அப்பா வைத்த பெயர் மாணிக்கம். பந்துக் களத்திலும் தொலைக்காட்சியிலும் ஊ தின் மௌங். பர்மியப் பெயருக்கு முன் ‘ஊ’ போட்டால் மரியாதை. தமிழ் அப்பாவுக்கும் த்வாண்டேயைச் சேர்ந்த பர்மிய அம்மாவுக்கும் பிறந்தவர். அம்மா பக்கத்தில் எல்லாரும் பானை வனைபவர்கள். இளம் வயதில் பெரிய கோல்கீப்பர். வலது கைச் சுண்டுவிரல் பந்து பட்டு வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டது. டீ குடிக்கும்போது அது எதிராளியைச் சுட்டிக் காட்டும். கப்பல்காரர்கள் கொண்டுவந்து கொடுத்த விதவிதமான தொப்பிகள் வைத்திருந்தார். கேமரா அவரைக் காட்டுவதே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதுத் தொப்பி. வாயில் எப்போதும் வெற்றிலை. சிவப்பு பட்டு என் ஒலிப்பலகை பாழாகாமலிருக்க ஒரு துணி போட்டு மூடி வைப்பேன்.

அவர் பர்மிய மொழியில்தான் வர்ணனை செய்தார். இங்கே தமிழில் தருகிறேன். ஒருமுறை உயரமான முன்கள ஆட்டக்காரனைப் பற்றி, “த்வாண்டேயிலே எங்க மாமா செஞ்ச தண்ணிச் சாடி மாதிரி இருக்கான். உயரம் இருக்கு, வயிறு இருக்கு, எடுத்து வச்ச எடத்திலேயே இருக்கான்” என்றார். அந்த ஆட்டக்காரனை அதற்குப் பிறகு நகரம் முழுவதும் சாடி என்றே கூப்பிட்டது. ஒரு பயிற்சியாளர் கோபத்தோடு நிலையத்து வாசலுக்கே வந்துவிட்டார்.

“மேலே உட்கார்ந்துக்கிட்டுப் பேசறது சுலபம்யா! கீழே வந்து பாரு!”

“கீழே இருந்துதான் நான் மேலே வந்தேன். நீ இன்னும் வரலை.”

பத்திரிகைகளுக்கு அவரைத் திட்டிக் கடிதம் எழுதினார்கள். எழுதினவர்களே சனிக்கிழமை தேநீர்க்கடையில் முதல் வரிசையில் முக்காலி பிடித்து உட்கார்ந்தார்கள். கால்பந்தின் மேல் பந்தயம் கட்டாத தெரு யங்கோனில் அப்போது இல்லை. அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் தெருவே அதைப் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் மேலதிகாரி டோ மியா. பெண்களுக்கு முன்னால் ‘டோ’. முன்பு பள்ளிக்கூடத்தில் இலக்கணம் சொல்லிக்கொடுத்தவர். மெலிந்த உடம்பு, கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து, குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, தன் பிளாஸ்கிலிருந்து பால் கலக்காத தேநீரை ஊற்றிக் கொடுப்பார். நாங்கள் ஒரு மடக்கு குடித்த பிறகுதான் ஆரம்பிப்பார்.

“மைதானத்தில் தண்ணீர் தேங்கியிருப்பது வேண்டியதில்லை. காலி இருக்கைகள் வேண்டியதில்லை. வெளிநாட்டு அணியின் சம்பளம் வேண்டியதில்லை.”

‘கூடாது’ என்ற சொல்லை அவர் பயன்படுத்தமாட்டார். எதையும் எழுதியும் தரமாட்டார். ஒருநாள் நான் குறித்துக்கொள்ளப் பேனா எடுத்தபோது, “எழுதினால் உத்தரவு, கோ யூசுப். சொன்னால் பேச்சு. நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்” என்றார். என்னைப் போன்ற இளையவர்களின் பெயருக்கு முன்னால் ‘கோ’. பேனாவை உள்ளே வைத்தேன். யார் சொல்லி இதெல்லாம் வேண்டியதில்லை என்று கேட்டால் கண்ணை உயர்த்தி உத்தரத்தைப் பார்ப்பார். அவர் அறைக்கு மேலே இருந்தது தண்ணீர்த் தொட்டி மட்டும்தான் என்று மாணிக்கண்ணன் சொல்வார்.

ஆட்டம் முடிந்த மறுநாள் ஒலிப்பதிவைப் போட்டுக் கண்ணை மூடிக் கேட்பார். நான் குமிழைத் திருப்பிய இடம் வந்ததும் ஒரு விரலைத் தூக்குவார். வேறு ஒன்றும் சொல்லமாட்டார். அந்த விரல் பாராட்டா கண்டனமா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

திருப்புவதற்கு முன் எச்சரிக்கை கொடுப்பது எனக்கும் மாணிக்கண்ணனுக்கும் இடையிலான ஏற்பாடு. மேசைக்கு அடியில் என் காலால் அவர் காலை அமுக்குவேன். ஒருமுறை நல்ல மழை. “இந்த மைதானத்தைப் பார்த்துக்கிறவங்க” என்று ஆரம்பித்தார். அமுக்கினேன். மூச்சே விடாமல், “நல்லா இருக்கட்டும்! ஆனா இந்த வலது பக்கத்துப் பையனுக்கு நீந்தத் தெரியுமான்னு யாராவது கேட்டீங்களா?” என்று முடித்தார். கண்ணாலேயே என்னைப் பார்த்துச் சிரித்தார். பத்து தடவை அமுக்கினால் ஒன்பது தடவை இப்படித் தப்பித்துக்கொள்வார். பார்க்கிறவர்களுக்கு அது விளையாட்டு. எனக்கு ஆட்டம் முடியும்போது இரண்டு முன்னங்கைகளும் மரத்துப் போயிருக்கும்.

நான் சொல்ல வந்த விஷயம் தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. இரண்டு இலாகா அணிகளுக்கு இடையில் ஆட்டம். ஜெயிக்கிற அணிக்கு அந்த வருஷத்துப் பட்டம். இலாகா அணி ஆட்டக்காரர்கள் அந்தந்த இலாகாவின் ஊழியர்கள். அணியில் இருக்கும்வரை வேலை, சம்பளம், மாதாந்திர அரிசி. ஒரு பக்கத்துக் கோல்கீப்பர் ஆங் லின், டாலாக்காரன். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து தினம் படகில் வந்து போகிறவன். அதற்கு முன் அவனைப் பற்றி மாணிக்கண்ணன் நல்லதாகத்தான் சொல்லியிருந்தார். “இவனுக்கு என் கை இருக்கு” என்றுகூட ஒருமுறை சொன்னார்.

ஆட்டம் முடியும் தறுவாயில், சமநிலையில், ஆங் லினின் அணிக்கு எதிராகப் பெனால்டி. பந்து அவனுக்கு வலப்பக்கம் தாழ்வாக, அதிக வேகமில்லாமல் வந்தது. அவன் பாயவில்லை. இருந்த இடத்திலேயே பக்கவாட்டில் சரிந்தான். கோல்.

மாணிக்கண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“குதிகாலைப் பார்த்தீங்களா? பந்தை உதைக்கிறதுக்கு முன்னாடியே குதிகால் ரெண்டும் தரையிலே! நான் அந்தக் கம்பங்களுக்கு நடுவிலே வாழ்ந்தவன். தடுக்க நினைக்கிறவன் விரல் நுனியிலே நிப்பான். விக்கிறவன்தான் குதிகாலிலே நிப்பான். இவன் விழலைங்க, உட்கார்ந்தான். யார் உட்காரச் சொன்னாங்கன்னு அவனைக் கேளுங்க!”

என் கால் அவர் கால்மேல் இருந்தது. அமுக்கவில்லை. ஆட்டக்காரர்களைத் தாக்குவதற்காகத்தான் அவரை வைத்திருந்தார்கள். டோ மியா சொன்ன வேண்டியதில்லைகளில் எந்த ஆட்டக்காரனும் வந்ததே இல்லை. டெலிபோன் அடித்தது. எடுத்தேன். “இன்று உற்சாகமாக இருந்தது” என்று சொல்லி டோ மியா வைத்துவிட்டார்.

ஆங் லினின் அணிமேல் பந்தயம் கட்டியிருந்தவர்கள் எல்லாரும் அன்றைக்குத் தோற்றவர்கள். அவர்களுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. கொடுத்தாயிற்று. அன்று மாலையே டாலாவில் ஆங் லின் வீட்டுக் கூரைமேல் கல் விழுந்தது. மறுநாள் படகுத்துறையில் சைக்கா என்ற சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவர்கள் அவன் மனைவியை ஏற்ற மறுத்தார்கள். இலாகா அவனை அணியிலிருந்து நிறுத்தி வைத்தது. வேலையிலிருந்தே எடுப்பதா என்று அடுத்த வாரம் கூடி முடிவெடுப்பதாக அறிவிப்பு. இதெல்லாம் துண்டு துண்டாக எங்கள் காதுக்கு வந்தது. மாணிக்கண்ணன், “வித்தவன் வாங்கிக் கட்டிக்கிறான், பாய்” என்றார். என்னை அவர் எப்போதும் பாய் என்றுதான் கூப்பிடுவார்.

இரண்டொரு நாளில் ஆங் லினே வந்தான். நிலையத்துக்கு எதிரே இருந்த தேநீர்க்கடையில் நாங்கள் இருவரும் மொஹிங்கா, மீன்குழம்பில் போட்ட அரிசிச் சேமியா, சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். செருப்புப் போட்ட கால் ஒன்றை இழுத்து இழுத்து நடந்து வந்து எங்கள் மேசைமுன் நின்றான். கும்பிடவில்லை. செருப்பைக் கழற்றினான். வலது காலைத் தூக்கி எங்கள் மேசைமேல், மொஹிங்காக் கிண்ணங்களுக்கு நடுவில் வைத்தான்.

பர்மிய மண்ணில் இதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது. பெரியவர் இருக்கும் திசையில் காலை நீட்டக்கூட மாட்டார்கள். கடைக்காரர் கையில் கெண்டியோடு பாதி வழியில் நின்றுவிட்டார்.

“பாருங்க ஸெயா,” என்றான். ஸெயா என்றால் ஆசிரியரே என்று அர்த்தம். அந்த நிலையிலும் மரியாதைச் சொல்லை அவன் விடவில்லை. “நீங்கதான் காலைப் பார்க்கிறவராச்சே. நல்லாப் பாருங்க.”

கட்டை விரலில் நகம் இல்லை. நகம் இருந்த இடம் கறுத்து வீங்கி, ஓரத்தில் சீழ் கட்டியிருந்தது. பக்கத்து விரலும் வீங்கியிருந்தது.

மாணிக்கண்ணன் கிண்ணத்தை நகர்த்தினார். அவனைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் இரண்டு கையாலும் அந்தப் பாதத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். அவன் கூசிப்போய்க் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். அவர் விடவில்லை.

“எப்போ?”

“ஆட்டத்துக்கு முந்தின நாள். படகிலே ஏறும்போது பலகை நழுவி விரல்மேலே விழுந்தது.”

“துணி சுத்திக்கிட்டு பூட்ஸ் போட்டியா?”

“ஆமா.”

“விரல் நுனியிலே நிக்க முடியலை.”

“தரையிலே வைக்கவே முடியலை ஸெயா. குதிகாலிலேதான் நின்னேன். முழு ஆட்டமும் குதிகாலிலேதான் நின்னேன். பந்து அதுக்கு முன்னாடி என் பக்கம் அதிகம் வரலை, அதனால யாரும் பார்க்கலை.”

“ஏன்டா சொல்லலை?”

“ரெண்டாவது கோல்கீப்பர் மேனேஜரோட மச்சான். சொல்லியிருந்தா அன்னிக்கே நான் வெளியே. சொல்லாததாலே இன்னிக்கு வெளியே.”

காலை இறக்கிக்கொண்டான். செருப்பை மாட்டினான். “அங்கே யாரும் என் காலைப் பார்க்கமாட்டேங்கிறாங்க. நீங்க சொன்னதையே சொல்றாங்க. நீங்கதானே வாழ்ந்தவரு” என்று சொல்லிவிட்டு இழுத்து இழுத்து நடந்து போனான்.

மாணிக்கண்ணன் நெடுநேரம் கையைக் கழுவவில்லை. கோல்கீப்பராக இல்லாத எவரும் அந்தக் குதிகாலைப் பார்த்திருக்கமாட்டார்கள். பார்த்திருந்தாலும் அதற்கு அர்த்தம் கண்டுபிடித்திருக்கமாட்டார்கள். அந்தத் தப்பைச் செய்ய அவருக்கு மட்டும்தான் தகுதி இருந்தது.

“சனிக்கிழமை சொல்லிடறேன், பாய். எந்த வாய் சொல்லிச்சோ அதே வாய்.”

நேராக டோ மியாவிடம் போனோம். தேநீர் ஊற்றிக் கொடுத்தார். முழுவதையும் கேட்டார். காலைப் பற்றிச் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது.

“பாவம்” என்றார். பிறகு, “ஆனால் திருத்தம் என்று ஒன்று சொன்னால், அதற்குமுன் தவறு என்று ஒன்று சொன்னதாக ஆகும். இந்த நிலையம் தவறு சொல்வதில்லை, ஊ தின் மௌங்.”

“நிலையம் சொல்லலை, நான்தான் சொன்னேன்.”

“மைக் நிலையத்துடையது.”

“மேலே கேட்டுப் பாருங்களேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “கேட்டால் பதில் வரும். பதில் வந்துவிட்டால் பிறகு நானும் ஒன்றும் செய்ய முடியாது. கேட்காமலிருக்கும்வரை இது நம் மூவருக்குள் இருக்கும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “சனிக்கிழமை ஆங் லின் என்ற பெயர் வேண்டியதில்லை. குதிகால் வேண்டியதில்லை.”

வெளியே வந்ததும் மாணிக்கண்ணன் என் தோளில் கை போட்டார். “உனக்கு மூணு பிள்ளைங்க. நீ உன் வேலையைச் செய், பாய். நான் கோவிச்சுக்கமாட்டேன்.”

சனிக்கிழமை சாதாரண ஆட்டம். பட்டம் முடிவாகிவிட்ட பிறகு வருவது, கூட்டம் பாதிதான். மாணிக்கண்ணன் தொப்பி போடாமல் வந்தார். இடைவேளைக்குப் பிறகு பந்து வெளியே போய் ஆட்டம் நின்றிருந்த நேரம். அவர் குரலைத் தாழ்த்தினார்.

“போன வாரம் நான் ஒருத்தரைப் பத்தி ஒண்ணு சொன்னேன்…”

காலை அமுக்கினேன். அவர் காலை நகர்த்தவில்லை, பேச்சையும் மாற்றவில்லை. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். செய் என்று அர்த்தம். வலது கை இறக்கியது. இடது கை ஏற்றியது. அத்தனை வருஷப் பழக்கம். நான் யோசிக்கவே இல்லை.

என் குமிழ் இறங்கியது அவருக்குத் தெரியும். ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எழுந்து கைப்பிடிக்குப் போனார். வெளியே குனிந்து, கீழே இருந்த ஜனங்களைப் பார்த்து, பெனால்டி எல்லைக்குள் நின்று பின்காவல்காரர்களை விரட்டிய அந்தப் பழைய குரலில் கத்தினார்.

“ஏ! கேளுங்கய்யா! ஆங் லின் கோலை விக்கலை! கால் நகம் பேந்து போய் ஆடினான்! நிக்க முடியாம நின்னான்! நான் குதிகாலைப் பார்த்தேன், பூட்ஸுக்குள்ளே பார்க்கலை! தப்பு என்னுது!”

மூங்கிலில் கட்டிய மைக் அவர் முகத்துக்கு ஒரு முழம் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு எழுத்தும் என் ஹெட்போனில் தெளிவாகக் கேட்டது. நான் ஏற்றி வைத்திருந்த இடது குமிழ் வழியாக அது எல்லா வீடுகளுக்கும் போய்க்கொண்டிருந்தது.

இடது குமிழையும் இறக்கியிருக்கலாம். விரல்கள் அதன்மேல்தான் இருந்தன. இறக்கினால் தொலைக்காட்சி ஊமையாகும். அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். நான் துணிச்சல்காரன் அல்ல. துணிச்சல் தேவைப்படாத ஒரு காரணம் கிடைத்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். டெலிபோன் அடித்தது. அவர் முடிக்கும்வரை அடிக்கவிட்டேன். பிறகு எடுத்தேன்.

“கூட்டத்தில் யாரோ சத்தம் போடுகிறார்கள்” என்றார் டோ மியா.

“ஆமாம்.”

“கூட்டம் என்றால் சத்தம் இருக்கத்தான் செய்யும்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் ஒலிப்பதிவைக் கேட்கும்போது அந்த இடத்தில் அவர் விரலைத் தூக்கவில்லை. ஆனால் அடுத்த ஆட்டத்துக்கு வேறு ஒருவர் வந்தார். ஊ தின் மௌங்கின் தொண்டைக்கு ஓய்வு தேவைப்படுவதாகச் சொன்னார்கள். ஓய்வு முடியவே இல்லை. புது ஆள் நல்லவர். ஆட்டக்காரர்களின் பெயரையும் பந்து யாரிடம் இருக்கிறது என்பதையும் சொல்வார். அவர் பக்கத்தில், அவருக்குப் பின் வந்தவர்களின் பக்கத்தில், இடது காது மந்தமாகி நான் விலகும்வரை உட்கார்ந்திருந்தேன். குமிழைத் திருப்ப வேண்டிய தேவை வருஷத்துக்கு ஒருமுறைகூட வரவில்லை. சும்மா வைத்திருந்த கை அதிகமாக வலித்தது.

ஆங் லினின் இலாகாவில் கூட்டம் கூடினார்கள். சனிக்கிழமை அந்த நேரத்தில் நகரத்தின் பெரும்பகுதியில் மின்சாரம் இல்லை. டாலாவில் சொல்லவே வேண்டாம். பட்ட ஆட்டத்துக்கு ஜெனரேட்டர் ஓட்டிய தேநீர்க்கடைகள் இந்தச் சாதாரண ஆட்டத்துக்கு டீசலைச் செலவழிக்கவில்லை. முதலில் சொன்னதை ஊரே கேட்டது. பிறகு சொன்னதைக் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம். மாணிக்கண்ணன் இலாகா அலுவலகத்துக்கே நேரில் போய்ச் சொன்னார். இரண்டு நாள் வாசலில் காக்க வைத்தார்கள். கடைசியில் வேலையிலிருந்து எடுக்கவில்லை. கிடங்குக் காவலுக்கு மாற்றினார்கள். அணியில் மேனேஜரின் மச்சான் நின்றான்.

வேலை தங்கியது, பேர் தங்கவில்லை. டாலாவில் அவன் இன்னும் கோல் விற்றவன்தான்.

அதனால் மாணிக்கண்ணன் டாலாவுக்குப் போக ஆரம்பித்தார். எனக்கு விடுமுறை கிடைத்த நாட்களில் நானும் கூடப் போனேன். படகுத்துறையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு தேநீர்க்கடையிலும் முக்காலிமேல் ஏறி நின்று, அந்தப் பெனால்டியை முதலிலிருந்து வர்ணனை செய்வார். பலகை விழுந்தது, துணி சுற்றியது, குதிகாலில் நின்றது, எல்லாம். நன்றாகவே சொல்வார். ஜனங்கள் கூடுவார்கள்.

“ஸெயா, அன்னிக்கு அப்படிச் சொல்ல யார் காசு கொடுத்தாங்க? இன்னிக்கு இப்படிச் சொல்ல யார் கொடுத்தாங்க?” என்று ஒருவன் கேட்பான். எல்லாரும் சிரிப்பார்கள்.

“அன்னிக்குச் சம்பளம் வாங்கிக்கிட்டுப் பொய் சொன்னேன். இன்னிக்கு வேலையைத் தொலைச்சிட்டு உண்மை சொல்றேன். எது நம்புற மாதிரி இருக்கு?”

“ரெண்டுமே நல்லா இருக்கு ஸெயா. மறுபடி ஒருவாட்டி சொல்லுங்க.”

முதல் சில கடைகளில் அவரும் கூடச் சிரித்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு ஞாயிறு மாலை, சந்தைக்குப் பக்கத்துக் கடையில் அவர் முக்காலிமேல் ஏறப்போகும்போது ஆங் லின் உள்ளே வந்தான். காவல்கார உடுப்பில், வேலை முடிந்து வருகிற வழி. அவர் சட்டையைப் பிடித்து மெதுவாகக் கீழே இழுத்தான்.

“ஸெயா, போதும்.”

“இன்னும் கால்வாய்ப் பக்கம் சொல்லலைடா.”

“நீங்க வர்ற ஒவ்வொரு தடவையும், மறந்தவங்களுக்கும் ஞாபகம் வருது. எம் பொண்டாட்டி இப்பத்தான் சைக்காவிலே ஏற ஆரம்பிச்சா. நீங்க போன பிறகு மறுபடி சிரிக்கிறாங்க.”

மாணிக்கண்ணன் முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தெரிந்தது பேச்சு ஒன்றுதான். அதைக் கொண்டுதான் கெடுத்தார், அதைக் கொண்டே சரி செய்யவும் பார்த்தார்.

“அப்போ நான் என்னடா செய்யட்டும்?”

ஆங் லின் யோசித்தான். “என்கூட உட்காருங்க. டீ குடிங்க. ஒண்ணும் பேசாதீங்க. பார்க்கிறவங்க பார்க்கட்டும்.”

தெருவைப் பார்த்த மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஆங் லின் கை காட்ட, கடைக்காரர் மூன்று டீ கொண்டுவந்து வைத்தார். மாணிக்கண்ணன் வெற்றிலையை வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். வாய் திறக்கவில்லை. ஜனங்கள் வேடிக்கைக்காகக் காத்திருந்தார்கள். ஒருவன், “ஆரம்பிங்க ஸெயா” என்றான். அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவர்கள் அவரவர் பேச்சுக்குத் திரும்பினார்கள்.

அதற்குப் பிறகும் பல மாலைகள் அப்படி உட்கார்ந்தோம். என்னால் போக முடியாத நாட்களிலும் அவர் போனார். டீயைக் குடிப்பார், படகைப் பிடிப்பார். எந்தக் கடையிலும் யாரும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. மழை ஆரம்பித்த ஒருநாள், பக்கத்து மேசையில் இருந்த சைக்காக்காரர் ஒருவர், ஆங் லின் மனைவியை முன்பு ஏற்ற மறுத்தவர்களில் ஒருவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன், கூரை ஒழுகிய இடத்திலிருந்து தன் முக்காலியை எங்கள் பக்கம் நகர்த்திப் போட்டார். சுருட்டைப் பற்றவைத்தார். தெருவைப் பார்த்தபடியே கேட்டார்:

“கால் ஆறிடுச்சா?”

மாணிக்கண்ணனின் கை கோப்பையில் அப்படியே நின்றது.

“நகம் முளைக்குது,” என்றான் ஆங் லின்.